மானைச் சுட்டதும் பின்னால ஓடக் கூடாது! அடிபட்ட மானை வேட்டைக்காரர்கள் எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சினிமாவில் வேட்டைக் காட்சி என்றால் இரண்டே ஷாட்தான். துப்பாக்கி வெடிக்கும். மான் சாயும். அவ்வளவுதான், அடுத்த சீன்.

நிஜத்தில் அப்படி நடப்பது குறைவு. குண்டோ அம்போ பட்ட மான் பெரும்பாலும் துள்ளிக் குதித்து, சில நொடிகளில் புதருக்குள் மறைந்துவிடும். அது எங்கே போனது, எப்போது விழுந்தது, விழுந்ததா இல்லையா என்பது சுட்டவருக்கே தெரியாது. அமெரிக்காவில் 'டீர் ரெக்கவரி', 'பிளட் டிராக்கிங்' என்று சொல்லும் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

இந்த வேலையில் முதல் விதி கேட்க விசித்திரமாக இருக்கும்: ஓடாதே, உட்கார். ஏன் அப்படி? ரத்தத்தின் நிறத்தை வைத்து என்னவெல்லாம் சொல்ல முடியும்? மான் கிடைக்காமலே போனால் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் மான் வேட்டை குற்றம். 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான், கடமான், வெளிமான் எதை வேட்டையாடினாலும் சிறைத் தண்டனை உண்டு. எனவே இந்தக் கட்டுரை நம்ம ஊருக்கான கையேடு இல்லை.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே வெள்ளைவால் மான் வேட்டை சட்டப்படி நடக்கும் விஷயம். ஒரு காலத்தில் அளவில்லாமல் சுட்டுத் தள்ளியதால், 1900-களின் தொடக்கத்தில் அந்த மான்களின் எண்ணிக்கை சில லட்சங்களாகச் சுருங்கியது. பிறகு கட்டுப்பாடுகள் வந்தன. இன்று சுமார் 3 கோடி மான்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஓநாய், பூமா போன்ற விலங்குகள் பல மாநிலங்களில் இல்லாமல் போனதால், மான்கள் பெருகிப் பயிரையும் இளம் மரக்கன்றுகளையும் மேய்ந்துவிடுகின்றன. சாலை விபத்துகளும் நடக்கின்றன. அதனால் ஒவ்வொரு மாநிலமும் எத்தனை மான், எந்த மாதம், எந்த ஆயுதம் என்று நிர்ணயித்து லைசென்ஸ் கொடுக்கிறது. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் மத்திய வரி, 1937-ல் வந்த ஒரு சட்டத்தின்படி வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகிறது.

இலையுதிர் காலம்தான் சீசன். விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் மாதம் தேங்க்ஸ்கிவிங் பண்டிகையை ஒட்டி நடக்கும் 9 நாள் துப்பாக்கி சீசன், அந்த ஊருக்கு ஒரு திருவிழா மாதிரி.

அடிபட்ட உடனே மான் ஏன் விழுவதில்லை?

மூளையிலோ முதுகுத்தண்டிலோ பட்டால் மட்டுமே நின்ற இடத்திலேயே விழும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் அவை மிகச் சின்ன இலக்குகள். கொஞ்சம் தவறினாலும் மான் மோசமாகக் காயப்பட்டு ஓடிவிடும். அதனால் பயிற்சி வகுப்புகளில் நுரையீரலும் இதயமும் இருக்கும் மார்புப் பகுதியைக் குறிவைக்கத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் இடம் அது.

மார்பில் பட்டால் மரணம் விரைவில் வரும். ஆனால் உடனே வராது. மூளையில் மிச்சம் இருக்கும் ஆக்சிஜன் தீரும் வரை கால்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வெள்ளைவால் மான் மணிக்கு சுமார் 48 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. அதாவது நொடிக்கு 13 மீட்டர். இதயத்தில் குண்டு பட்ட மான் 8 நொடி ஓடினால்கூட 100 மீட்டர் தாண்டிவிடும். அடர்ந்த காட்டில் 100 மீட்டர் என்பது கண்ணுக்கு எட்டாத தூரம்.

சவுத் கரோலினா மாநிலத்தில் ஒரு வேட்டைக் கழகத்தில் கிட்டத்தட்ட 500 முறை சுட்டதைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். இதயத்தில் பட்ட மான்கள் சராசரியாக 36 மீட்டர் அளவும், நுரையீரலில் பட்டவை 46 மீட்டர் அளவும் ஓடியிருந்தன. இது சராசரிதான். சில மான்கள் விழுந்த இடம் இதைவிட ரொம்ப தூரம்.

வில், அம்பு என்றால் கணக்கு இன்னும் மாறும். ரைஃபிள் குண்டு திசுக்களைச் சிதைக்கும். அம்பு கத்தி மாதிரி அறுத்துக்கொண்டு போகும். அது கொல்வது ரத்த இழப்பால்தான். 68 கிலோ எடையுள்ள மானின் உடலில் ஏறத்தாழ 4 லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒன்றேகால் லிட்டருக்கு மேல் போனால்தான் அது நிலைகுலையும். பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நொடிகளில் அவ்வளவு போகும். கல்லீரலில் கீறல் என்றால் மணிக்கணக்கில் ஆகும்.

முதல் 10 நொடிகள்: கண்ணும் காதும் திறந்திருக்கணும்

அனுபவசாலிகள் சுட்ட பிறகும் மானைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. அந்தச் சில நொடிகளில் மான் காட்டும் எதிர்வினையே முதல் தடயம்.

பின்னங்கால்களை உதைத்தபடி எகிறிக் குதித்து, உடம்பைத் தாழ்த்திக்கொண்டு தலைதெறிக்க ஓடினால், பெரும்பாலும் மார்பில் பட்டிருக்கிறது.

முதுகைக் கூன்போட்டு, வாலை ஒடுக்கிக்கொண்டு, மெதுவாக நடந்து போனால் அது கெட்ட செய்தி. வயிற்றிலோ கல்லீரலிலோ பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படியே மடங்கி விழுந்தால் முதுகுத்தண்டில் பட்டிருக்கலாம். இதிலும் ஒரு ஆபத்து இருக்கு. முதுகெலும்பின் மேல் முனையைக் குண்டு உரசிப் போனாலும் மான் அதிர்ச்சியில் விழும். ஓரிரு நிமிடத்தில் எழுந்து ஓடிவிடும். அதனால்தான் "விழுந்தாச்சு" என்று துப்பாக்கியைக் கீழே வைக்காமல், அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு கவனிக்கச் சொல்கிறார்கள்.

அடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்வது. மான் நின்றது எந்த மரத்தடியில், கடைசியாகக் கண்ணில் பட்டது எந்தப் புதர் பக்கம் என்று மனதில் பதிய வைக்க வேண்டும். மரத்தில் கட்டிய பரண் மேலிருந்து பார்க்கும்போது ஒரு மாதிரி தெரியும் காடு, கீழே இறங்கியதும் வேறு காடாகிவிடும். அதனால் இறங்குவதற்கு முன்பே செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். கிளை முறியும் சத்தம், தண்ணீரில் இறங்கும் சத்தம், 'தொப்' என்று விழும் சத்தம் எல்லாமே திசை காட்டும்.

ரத்தத்தின் நிறம் என்ன சொல்லும்?

பிறகு மெதுவாக, சத்தம் போடாமல், மான் நின்றிருந்த இடத்துக்குப் போகிறார்கள். அங்கே கிடைக்கும் ரத்தம், முடி, அம்பு இவற்றைப் பார்ப்பது ஏறக்குறைய ஒரு மருத்துவப் பரிசோதனை.

• நுரையீரல்: வெளிர் சிவப்பு, லேசான ரோஸ் நிறம். சின்னச் சின்ன குமிழிகள், நுரை இருக்கும். ரத்தத்தோடு காற்று கலப்பதால் வரும் நுரை இது.

• இதயம், பெரிய ரத்தக்குழாய்: பளிச்சென்ற சிவப்பு. நிறைய ரத்தம். இருபக்கமும் பீச்சி அடித்த மாதிரி தெறித்திருக்கும்.

• கல்லீரல்: அடர் சிவப்பு. மாதுளைத் தோல் காய்ந்த மாதிரி கருஞ்சிவப்பு. குமிழிகள் இருக்காது.

• வயிறு, குடல்: ரத்தம் குறைவு. பச்சையும் பழுப்புமாக நீர் மாதிரி இருக்கும். அரைபட்ட இலைதழை கலந்திருக்கும். அம்பை முகர்ந்து பார்த்தாலே நாற்றம் தெரிந்துவிடும்.

• தசை: நல்ல சிவப்பு. குமிழி கிடையாது. தொடக்கத்தில் நிறைய தெரியும், போகப் போகக் குறைந்து நின்றுவிடும்.

முடியும் பேசும். முதுகுப் பக்க முடி முரட்டுத்தனமாக, நுனி கறுத்து இருக்கும். அடிவயிற்று முடி வெள்ளை. வெள்ளை முடி கொத்தாகக் கிடந்தால் குண்டு தாழ்வாகப் போயிருக்கலாம் என்று கணிக்கிறார்கள்.

ரத்தமே இல்லை என்றால்? குறி தவறிவிட்டது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. பரண் மேலிருந்து சுடும்போது காயம் உடம்பின் மேல்பக்கம் இருக்கும். மார்புக்கூடு உள்ளே நிரம்பி வழிந்த பிறகே ரத்தம் தரையில் சொட்டும். சில சமயம் கொழுப்போ குடலோ காயத்தை அடைத்துக்கொள்ளும். முதல் 30, 40 மீட்டருக்கு ஒரு சொட்டுகூட இல்லாமல், அதன் பிறகு தடம் கிடைத்த சம்பவங்கள் உண்டு. அதனால் 'மிஸ் ஆயிடுச்சு' என்று தோன்றினாலும் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்பது விதி.

எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?

இதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. எங்கே பட்டது என்பதைப் பொறுத்து நேரம் மாறும். வேட்டைக்காரர்கள் பரவலாகப் பின்பற்றும் கணக்கு இது:

• இதயம், நுரையீரல்: குறைந்தது 30 நிமிடம்

• கல்லீரல்: 4 முதல் 6 மணி நேரம்

• வயிறு, குடல்: 8 முதல் 12 மணி நேரம்

தசைக் காயத்தில் மட்டும் ஒருமித்த கருத்து இல்லை. உடனே பின்தொடர்ந்தால்தான் ரத்தம் உறையாமல் இருக்கும் என்பது ஒரு தரப்பு. விட்டுவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும், துரத்த வேண்டாம் என்பது இன்னொரு தரப்பு.

சரி, அடிபட்ட மானை 12 மணி நேரம் அப்படியே விடுவது கொடுமை இல்லையா? உடனே போய் முடித்துவிட்டால் என்ன? நியாயமான கேள்வி. பதில் மானின் பழக்கத்தில் இருக்கிறது.

அடிபட்ட மான், தன்னை யாரும் துரத்தவில்லை என்று தெரிந்தால் அதிக தூரம் போகாது. பக்கத்தில் அடர்ந்த புதராகப் பார்த்துப் படுத்துவிடும். படுத்த இடத்திலேயே ரத்தம் இழந்து, பலம் குறைந்து, பெரும்பாலும் அங்கேயே இறந்துவிடும். அவசரப்பட்டு ஆள் போனால், அட்ரினலின் வேகத்தில் எழுந்து ஓடும். இந்த முறை 100 மீட்டர் இல்லை, ஒரு கிலோமீட்டர்கூடப் போகலாம். வயிற்றுக் காயத்தில் ரத்தமும் சொட்டாது. தடம் அறுந்துபோகும். கடைசியில் அதே மான் எங்கேயோ ஒரு மூலையில், யாருக்கும் கிடைக்காமல், இன்னும் அதிக நேரம் துடித்துச் சாகும்.

கிடைக்காமல் போகும் மான்களைப் பற்றி வேட்டைக்காரர்கள் பேசும்போது அதிகம் அடிபடும் காரணம் இதுதான்: சீக்கிரம் போயிட்டோம். குறி கொஞ்சம் தவறுவது யாருக்கும் நடக்கும். அதற்குப் பிறகு எடுக்கும் முடிவுதான் மான் கிடைக்குமா, வீணாகுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

மழை வந்தால்? வெயில் அடித்தால்?

கடிகாரத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க முடியாது. இங்கேதான் உண்மையான தர்மசங்கடம்.

மழை பெய்தால் ரத்தத் தடம் அழிந்துவிடும். காத்திருந்தால் மான் கிடைக்காமல் போகலாம். உடனே போனால் எழுந்து ஓடலாம். தென் மாநிலங்களில் செப்டம்பர், அக்டோபரில் வெயில் சுடும். இறந்த மான் இரவு முழுக்கக் கிடந்தால் இறைச்சி கெட்டுவிடும். கெடாமல் இருக்க 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி. போதாததற்கு கயோட் என்ற நரி மாதிரியான விலங்கும் மோப்பம் பிடித்து வந்துவிடும்.

ஆனாலும் வயிற்றில் பட்டது என்று உறுதியாகத் தெரிந்தால், பெரும்பாலான அனுபவசாலிகள் காத்திருப்பதையே தேர்ந்தெடுக்கிறார்கள். "இறைச்சி கெடலாம். ஆனால் மானாவது கிடைக்கும்" என்பது அவர்கள் கணக்கு.

பனி விழுந்தால் மட்டும் கொண்டாட்டம். வெள்ளைத் தரையில் குளம்புத் தடமும் ரத்தச் சொட்டும் தெளிவாகத் தெரியும்.

தடத்தில் நடப்பது எப்படி?

காத்திருப்பு முடிந்ததும் தேடல் தொடங்கும். சில அடிப்படை விதிகள் இருக்கின்றன.

தடத்தின் மேலே நடக்கக் கூடாது, பக்கவாட்டில் நடக்கணும். மேலே மிதித்துவிட்டால் திரும்பி வந்து பார்க்க ஒன்றும் மிஞ்சாது. பத்துப் பேர் கூட்டமாகப் போகக் கூடாது, இரண்டு மூன்று பேர் போதும். ஒருவர் கடைசியாகக் கிடைத்த ரத்தச் சொட்டிலேயே நிற்பார். மற்றவர் முன்னால் போய் அடுத்த சொட்டைத் தேடுவார். கிடைத்ததும் இவர் நகர்வார்.

ஒவ்வொரு சொட்டிலும் டிஷ்யூ பேப்பர் துண்டு ஒன்றைக் கிளையில் மாட்டுகிறார்கள். 20 துண்டு மாட்டிய பிறகு திரும்பிப் பார்த்தால், மான் எந்தத் திசையில் போகிறது என்று கோடு போட்ட மாதிரி தெரியும். மழையில் தானே கரைந்துவிடும் என்பதால் குப்பையும் சேராது. இப்போது பலர் செல்போன் ஜிபிஎஸ் மேப்பிலும் குறித்துக்கொள்கிறார்கள்.

தரையை மட்டும் பார்த்தால் போதாது. புல் நுனி, செடித் தண்டு, இடுப்பு உயரத்தில் உள்ள இலைகள் எல்லாவற்றிலும் ரத்தம் தேய்ந்திருக்கும். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதை வைத்து எந்தப் பக்கம் காயம் என்று சொல்லலாம்.

அமெரிக்கக் காடுகளில் இன்னொரு சிக்கல் இருக்கு. இலையுதிர் காலத்தில் மேப்பிள் மரச் சருகுகளில் இயற்கையாகவே சிவப்புப் புள்ளிகள் இருக்கும். ரத்தமா, இலையின் நிறமா என்று குழம்பிவிடும். விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பது பழைய வழி. ஹைட்ரஜன் பெராக்சைடு தெளிப்பது புதிய வழி. மருந்துக்கடையில் காயம் கழுவ வாங்கும் அதே திரவம்தான். ரத்தம் என்றால் நுரைக்கும், இலைப்புள்ளி என்றால் நுரைக்காது. ரத்தத்தில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதிதான் காரணம்.

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை நிறக் குறைபாடு இருக்கிறது. அப்படிப்பட்டவருக்குப் பச்சைப் புல்லில் சிவப்புச் சொட்டைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் குறைபாடு பெண்களுக்கு மிகக் குறைவு. 'தடம் பார்க்க வீட்டு அம்மாவைக் கூட்டிட்டுப் போ' என்று சொல்வதில் அறிவியலும் இருக்கு.

நடுவில் மான் எழுந்து ஓடினால், அந்த இடத்தைக் குறித்துவிட்டு அப்படியே திரும்பிவிட வேண்டும். மறுபடியும் சில மணி நேரம் காத்திருப்பு.

ரத்தம் நின்றுவிட்டால்?

தடம் அறுந்தால் தேடல் முடிந்தது என்று அர்த்தமில்லை. கடைசிச் சொட்டை மையமாக வைத்து வட்டமாகச் சுற்றி, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குவார்கள். அதிலும் கிடைக்கவில்லை என்றால் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நான்கைந்து பேர் வரிசையாக நடப்பார்கள். மான் வழக்கமாகப் போய்வரும் ஒற்றையடிப் பாதை, அடர்ந்த புதர், ஓடை, குளம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வயிற்றில் அடிபட்ட மான் தண்ணீரைத் தேடிப் போகும் என்பது வேட்டைக்காரர்களின் அனுபவம்.

தேடும்போது முழு மானைத் தேடக் கூடாது என்பது இன்னொரு பாடம். காது நுனி, கொம்பு முனை, வெள்ளை வயிறு இப்படி ஒரு துண்டைத்தான் கண் முதலில் பிடிக்கும்.

நாய் வந்தால் ஆட்டமே மாறும்

மனிதக் கண் தோற்கும் இடத்தில் நாயின் மூக்கு ஜெயிக்கும். இதில் ஜெர்மனிதான் முன்னோடி. அங்கே அடிபட்ட விலங்கைத் தேடுவதற்கு 'நாக்ஸூகே' என்று தனிப்பெயர். அதற்கென்றே ஹனோவர் ஷ்வைஸ்ஹுண்ட், பவேரியன் மலை ஷ்வைஸ்ஹுண்ட் என்று தனி நாய் இனங்களே இருக்கின்றன. 'ஷ்வைஸ்' என்றால் பேச்சு வழக்கில் வியர்வை. வேட்டைக்காரர்கள் மொழியில் ரத்தம்.

அந்த நாய்களுக்கு வைக்கும் ஒரு தேர்வைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். கால் லிட்டர் ரத்தத்தை 1,000 மீட்டருக்கு மேல் சொட்டுச் சொட்டாக விட்டு, 20 மணி நேரம் கழித்து நாயைக் கூட்டி வருவார்கள். அடுத்த நிலைத் தேர்வில் 40 மணி நேரம். நீண்ட தோல் வாரில் கட்டிய நாய் அந்தத் தடத்தைப் பிடித்து முடிவு வரை போக வேண்டும்.

ரத்தம் இல்லாத இடத்தில் எப்படி மோப்பம் பிடிக்கும்? மானின் குளம்புகளுக்கு நடுவே வாசனைச் சுரப்பிகள் உண்டு. ஒவ்வொரு அடியிலும் அந்த வாசம் தரையில் ஒட்டும். பழகிய நாய் ரத்தத்தை மட்டும் நம்பாமல், அந்த ஒரு மானின் வாசத்தையே பிடித்துக்கொண்டு போகும்.

அமெரிக்காவில் நாயை விட்டு மான் துரத்துவதைத் தடுக்கப் பல மாநிலங்கள் சட்டம் போட்டிருந்தன. அந்தத் தடையில் இந்தத் தேடல் நாய்களும் சிக்கிக்கொண்டன. நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் ஜெனனி என்ற வரலாற்றுப் பேராசிரியர், 1970-களில் சிறப்பு அனுமதி வாங்கி, முரட்டு முடி டாஷ்ஹுண்ட் நாய்களை வைத்து இதைச் செய்து காட்டினார். 1980-களில் நியூயார்க் அனுமதித்தது. பிறகு ஒவ்வொரு மாநிலமாக வழிவிட்டது. பென்சில்வேனியா 2018-ல்தான் சட்டம் மாற்றியது. பெரும்பாலான இடங்களில் நாய் வாரில் கட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நாயைக் கூப்பிடுவது என்றால் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். பத்துப் பேர் காட்டை மிதித்துக் கலைத்து, எல்லார் செருப்பிலும் மான் ரத்தம் ஒட்டிய பிறகு நாய் வந்தால், அதற்கும் குழப்பம்தான்.

இப்போது வெப்பத்தை உணரும் கேமரா பொருத்திய ட்ரோன்களும் வந்துவிட்டன. ஆனால் அதே ட்ரோனை வைத்து உயிருள்ள மானைத் தேடிச் சுட்டால்? இந்தச் சந்தேகத்தால் சில மாநிலங்கள் தடை போட்டிருக்கின்றன. மிச்சிகன் மாநிலத் தடையை எதிர்த்து 2023-ல் ஒரு ட்ரோன் நிறுவனம் நீதிமன்றத்துக்கே போனது.

வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டால்?

மானுக்குப் பட்டா, சிட்டா தெரியாது. அடிபட்ட மான் பக்கத்து நிலத்தில் போய் விழுந்தால், அமெரிக்காவின் பல மாநிலங்களில் நில உரிமையாளரிடம் அனுமதி கேட்காமல் உள்ளே போக முடியாது. போனால் அத்துமீறல் வழக்கு. உரிமையாளர் முடியாது என்றால் வனவிலங்கு அதிகாரியிடம் போய் நிற்க வேண்டியதுதான்.

ஜெர்மனியில் இன்னும் கறார். காயப்பட்ட விலங்குக்குத் தவிர்க்கக்கூடிய வேதனையைத் தரக் கூடாது, அதை உடனடியாகக் கொன்றுவிட வேண்டும் என்று வேட்டைச் சட்டமே சொல்கிறது. எல்லை தாண்டிப் போனால் என்ன செய்வது என்று பக்கத்துப் பக்கத்து வேட்டைப் பகுதிக்காரர்கள் முன்கூட்டியே எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் போட்டு வைக்கிறார்கள்.

இப்படி விசாரித்துக்கொண்டு போவது தமிழுக்குப் புதிதல்ல. சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணையில், தன் அம்பு பட்ட விலங்கு இந்தப் பக்கம் வந்ததா என்று தலைவன் தினைப்புனத்தில் நிற்கும் தலைவியிடமும் தோழியிடமும் கேட்பான். இதற்கு 'கெடுதி வினாதல்' என்று பெயர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலும் தலைவன் வேட்டை நாய்களோடு வந்து, தப்பிய விலங்கைப் பற்றித்தான் விசாரிக்கிறான். அவன் உண்மையில் தேடி வந்தது வேறு என்பது தோழிக்கும் தெரியும்! ஆனால் அந்தச் சாக்கு நம்பும்படி இருக்கிறது என்றால், அடிபட்ட விலங்கைத் தேடி அடுத்தவர் புனத்துக்கு வந்து விசாரிப்பது அன்றைக்கு வழக்கமான காட்சி என்றுதானே அர்த்தம்?

கண்டுபிடித்த பிறகு?

மான் கிடக்கிறது. உடனே கிட்டப் போகலாமா? கூடாது. சற்றுத் தள்ளி நின்று மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறந்த மானின் கண் பெரும்பாலும் திறந்தே இருக்கும். கண் மூடியிருந்தால் உயிர் இருக்கலாம். பின்பக்கமாக, கால்களுக்கும் கொம்புக்கும் எட்டாமல் நெருங்கி, நீளமான குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்ப்பார்கள். இமை அசைந்தால் உயிர் இருக்கிறது.

பிறகு மாநில விதிப்படி டேக் கட்டி, அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து உடம்பைச் சீக்கிரம் குளிர வைப்பது அடுத்த வேலை. மான்களைத் தாக்கும் 'க்ரானிக் வேஸ்டிங்' நோய் பரவிய பகுதி என்றால் பரிசோதனைக்கு மாதிரி அனுப்ப வேண்டும். 1967-ல் கொலராடோவில் முதன்முதலில் கண்டறிந்த நோய் இது. மனிதருக்குப் பரவியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் உறுதியான மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

ஜெர்மனியில் ஒரு பழைய மரபு உண்டு. கண்டெடுத்த விலங்கின் வாயில் ஒரு சின்னப் பசுங்கிளையை வைப்பார்கள். அதற்குப் பெயர் 'கடைசிக் கவளம்'.

கிடைக்கவே இல்லை என்றால்?

நடக்கிறது. மேரிலாண்ட் மாநிலத்தில் ஒரு கடற்படைத் தளத்தில் வில் வேட்டைக்காரர்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வில், அம்பு பட்ட 100 மான்களில் ஏறக்குறைய 18 மான்கள் கிடைக்கவில்லை. அவர்கள் பயிற்சித் தேர்வில் தேறியவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கிடைக்காதவை எல்லாம் இறந்துவிட்டன என்றும் சொல்ல முடியாது. காயம் ஆறிப் பிழைக்கும் மான்களும் உண்டு.

சுட்ட விலங்கைத் தேட நியாயமான முயற்சி எடுக்க வேண்டும், உண்ணக்கூடிய இறைச்சியை வீணாக்கக் கூடாது என்று பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. அலாஸ்கா போன்ற இடங்களில் இறைச்சியைக் காட்டிலேயே விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் வழக்கு பாயும். ஆனால் காட்டுக்குள் எவ்வளவு நேரம் தேடினார் என்று பார்க்கப் போலீஸும் இல்லை, சிசிடிவியும் இல்லை. இரண்டு மணி நேரம் தேடிவிட்டு வீட்டுக்குப் போகிறவரும் உண்டு. அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு வந்து தேடுகிறவரும் உண்டு.

வேட்டையே கூடாது என்பவர்கள், இப்படிக் கிடைக்காமல் போகும் மான்களைத்தான் முதல் காரணமாகச் சொல்கிறார்கள். பொறுப்பான வேட்டைக்காரர்களும் அதை மறுப்பதில்லை. அதனால்தான் அங்கே பயிற்சி வகுப்பில், எப்படிச் சுடுவது என்பதோடு எப்போது சுடாமல் இருப்பது என்றும் சொல்லித் தருகிறார்கள். தூரம் அதிகமா, மான் நேராக முகம் காட்டி நிற்கிறதா, இருட்டப் போகிறதா? அப்படியானால் விட்டுவிடு. சுடாத மானைத் தேட வேண்டிய அவசியம் இல்லை.